ஹாலந்துப் பூ

மேவிஸ் ஸ்டாப்ஸின் ரோஜாக்களைப் பற்றி ஹார்லி வரிசைத் தெருவில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "துணிச்சலான நிறம்" என்பார்கள், அவ்வளவுதான். வட இங்கிலாந்தின் டர்ஹாம் பக்கத்துப் பெண்கள் ஒரு தோட்டத்தைப் பார்த்துத் துணிச்சல் என்று சொன்னால், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

ஆறு செடிகள். ஆரஞ்சு என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது. அடுப்பில் கரி நன்றாகப் பிடித்த பிறகு நடுவில் ஒரு நிறம் தெரியுமே, அது. பின்னால் சுவரோ செங்கல் சுவர். பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி மண்ணில் அந்த ஆறும் சேர்ந்து ஜூலை மாதம் கூச்சல் போட்டால், தெருவில் போகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போவார்கள். மேவிஸுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த ரோஜாக்கள் என்றால் அவளுக்கு உயிர். புருஷன் வில்ஃப் நிலக்கரிச் சுரங்கத்தில், ஊர் முழுக்கப் புகை, வானம் பாதி நாள் சாம்பல். இதில் ஒரு இடமாவது எரியட்டுமே என்பது அவள் கட்சி.

வருஷா வருஷம் ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை முன்தோட்டப் போட்டி நடக்கும். நாலு வருஷமாகக் கோப்பை நாலு வீடு தள்ளியிருக்கும் எட்னா கவ்லண்டுக்கே போனது. எட்னாவின் ரோஜா வெளிர் இளஞ்சிவப்பு. கூடவே வெள்ளையும் வெளிர் நீலமும். பால் அதிகமாய் விட்ட தேநீர் மாதிரி ஒரு தோட்டம், யாருக்கும் அதனால் தூக்கம் கெடாது. மேவிஸுக்கு மூன்றாம் பரிசுகூட ஒரு தடவையும் வந்ததில்லை.

குறை ரோஜாவில் இல்லை, கூட வைக்கிற செடியில் இருக்கிறது என்று அவளுக்கே பட்டது. ஒரு வருஷம் செண்டுமல்லி வைத்துப் பார்த்தாள். ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி அனுப்பவா என்று பால்காரன் கேட்டான். அடுத்த வருஷம் இளஞ்சிவப்பில் பெட்டுனியா. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே கோடையைக் கழித்தன. அதற்கடுத்த வருஷம் எல்லாம் வெள்ளை. கல்யாணப் பெண் விலாசம் தெரியாமல் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டு முழித்தது போல் இருந்தது.

அந்த வெள்ளை வருஷத்தில்தான் நடுவர் பைபஸ் வாயைத் திறந்தார். நகரப் பூங்காவில் நாற்பது வருஷம் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். பேச்சைக் கஞ்சத்தனமாகச் செலவழிப்பார்.

"பூவுல குத்தம் இல்லம்மா. கூட நிக்கறதுதான் சரியில்ல. உங்க ரோஜா சத்தமாப் பேசற ரகம். அதோட போட்டி போடறதையும் வைக்காதீங்க, அதைப் பாத்து ஒடுங்கிப் போறதையும் வைக்காதீங்க. காலடியில மஞ்சளும் பச்சையுமா நுரை மாதிரி ஒண்ணு. நடுவுல சாம்பலும் ஊதாவுமாப் புகை மாதிரி ஒண்ணு. மேல, நிமிர்ந்து, ஊதாவா, உருண்டையா ஒண்ணு. ரோஜா பேசறப்ப அதுங்க தலையாட்டணும், குறுக்க பேசக்கூடாது."

"அப்படி ஒரு ஆள் கெடைச்சிருந்தா நானே கட்டியிருப்பேனேய்யா," என்றாள் மேவிஸ்.

பைபஸ் சிரிக்கவில்லை. ஆனால் மூக்கை வெகுநேரம் துடைத்தார்.

நுரைக்கு வழி கிடைத்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒரு செடி. பச்சையும் மஞ்சளுமாகப் பூத்துக் கொட்டும், இலையில் மழைத்துளி உருண்டு நிற்கும். யாரையும் கேட்காமல் நாலு வேர் பிடுங்கி வந்தாள். அங்கே படுத்திருப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. புகைக்கு அவள் தங்கை வீட்டுப் பூனைப்புதினா. ஊதாப் புகை போலவே மண்டும். அதை நட்டதும் தெருவின் ஆண் பூனைகள் எல்லாம் வந்து புரண்டன. முள் கிளைகளைச் சொருகி விரட்டினாள். பாக்கி அந்த உருண்டை. விதைக் கம்பெனிப் படப் புத்தகத்தில் ஒன்று இருந்தது, நீளத் தண்டின் உச்சியில் ஊதாப் பந்து. படத்தைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். அவள் அந்த உருண்டையை நேரிலேயே பார்த்திருக்கிறாள். வில்ஃபின் லீக்ஸ் நிலத்தில்.

இங்கே வில்ஃபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவனைப் பற்றிச் சொன்னால் லீக்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லீக்ஸ் வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மற்ற ஊர்க் கடைகளில் ஒல்லியாய் நீளமாய்க் கிடக்கும். எங்கள் ஊரில் அது ஒல்லியாய் வந்தால் வளர்த்தவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். குட்டையாக, ஆள் தொடை கனத்துக்கு வர வேண்டும். செப்டம்பரில் போட்டி. ஒரே அச்சில் வார்த்தது போல மூன்று லீக்ஸ் மேடையில் வைக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஆண்கள் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறப்பார்கள், லீக்ஸின் சுற்றளவை மறக்க மாட்டார்கள்.

போட்டி முடிந்ததும் நல்ல மூன்றைத் திரும்ப நட்டுவிடுவார்கள். அடுத்த கோடையில் அது இடுப்புயரத் தண்டு விட்டு உச்சியில் உருண்டையாய் மொட்டுக்கட்டும். பூ விரிவதற்குள் கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தலையை மொட்டையடித்துவிட வேண்டும். மொட்டைத் தலையிலிருந்து புல் மாதிரிக் குட்டிக் கன்றுகள் முளைக்கும், அதுதான் அடுத்த வம்சம். பூக்க விட்டு அது விதை கட்டினால் வம்சம் கலைந்தது என்பார்கள். ஆகவே தலைமுறை தலைமுறையாய் லீக்ஸ் வளர்த்த ஊரில், லீக்ஸ் பூத்துப் பார்த்தவர் யாருமே இல்லை. மேவிஸ் ஒருத்தியைத் தவிர. வில்ஃப் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கோடையில் ஒரு தலை தப்பிப் பூத்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், நன்றாயிருக்கிறதே என்று நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

போன செப்டம்பர் போட்டியில் வில்ஃபின் மூன்று லீக்ஸும்தான் பெரியவை. ஆனால் ஒன்றில் ஓர் இலை நகக்கண் அளவு கிழிந்திருந்தது. கோப்பை கத்பர்ட் கவ்லண்டுக்குப் போனது. ஆமாம், எட்னாவின் புருஷன்தான். அந்த வீட்டுக்கு எப்போதுமே இரண்டு கையிலும் அதிர்ஷ்டம்.

வில்ஃப் வீட்டுக்கு வந்தான். மூன்று லீக்ஸையும் அடுப்படி மேசையில் பொத்தென்று போட்டான்.

"அவி! மூணையும் வெட்டிப் போட்டு சூப்பு வை! இனிமே என் கண்ணுல படக்கூடாது!"

"நெசமாவா சொல்ற? இது உங்கப்பா வழி வம்சமாச்சே."

"சொன்னா சொன்னதுதான்!"

"சரி மனுசா. கத்தாதே."

மேவிஸ் கத்தியைத்தான் எடுக்கப் போனாள். ஆனால் மேசையில் கிடந்த மூன்றும் வேரோடு இருந்தன, கழுவி வெள்ளை வெளேரென்று. கத்திக்குப் பக்கத்தில் மண் கிளறும் கரண்டியும் இருந்தது. கை எதன் பக்கம் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் மதுக்கடையில் போய்ச் சோகத்தைக் கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்றும் ரோஜாவுக்குப் பின்னால், சுவரோரம், மண்ணுக்குள் இறங்கின. சூப்பில் விழுந்தது கடை வெங்காயம், கடை லீக்ஸ், ஒரு பன்றித்தொடை எலும்பு. வில்ஃப் இரண்டு கிண்ணம் குடித்தான்.

"ருசியைப் பாத்தியா? எங்கப்பன் கை இருக்குடி இதுல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் போதை தெளிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். "மேவிஸ், எல்லாத்தையும் அவிச்சுட்டியா?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சியே, அது என்ன, தேத்தண்ணியா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொன்ன மறு நிமிஷம் மண்வெட்டியோடு முன்பக்கம் வந்து நிற்பான். பிறகு ஏது உருண்டை? உறுத்தத்தான் செய்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் புறாக் கூண்டுக்குப் புதுப் பலகை வாங்கி வந்தான். அவள் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அடுப்படி அலமாரி கேட்டபடியே இருந்தது. உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு முன்னாலேயே இருக்கிற செடி புருஷன் கண்ணில் படாமல் எப்படிப் பத்து மாதம் இருக்கும் என்று கேட்பீர்கள். ஹார்லி வரிசையில் யாரும் முன்வாசலால் போய்வருவதில்லை. கல்யாணம், சவப்பெட்டி, டாக்டர், இந்த மூன்றுக்குத்தான் முன்கதவு. ஆண்கள் பின்சந்தால் வருவார்கள், பின்சந்தால் போவார்கள். முன்பக்கம் பெண்களின் ராஜ்யம், அவர்களும் வரிசையைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே வருவார்கள். வில்ஃப் அந்தக் கதவைக் கடைசியாகத் தாண்டியது அவன் அம்மாவின் சவ ஊர்வலத்துக்கு.

ஆனால் பாருங்கள், அவள் செய்த வேலை அவள் தலையிலேயே வந்து விழுந்தது. வம்சம் போன வில்ஃப் எங்கிருந்தோ வாங்கிய நோஞ்சான் கன்றுகளோடு ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தான். அவற்றுக்கு வெயில் போதவில்லை என்று கண்டுபிடித்தான். வெயில் இருந்த ஒரே மண் முன்வாசல் மண்.

"அந்த மண்ணு எனக்கு வேணும் மேவிஸ்."

"அங்க ரோஜா இருக்கு."

"பன்னெண்டு வருஷமா இருக்கு. ஒரு மூணாவது பரிசு உண்டா? அலறிக்கிட்டு நிக்குது, அவ்ளோதான்."

"இந்த வருஷம் வரும்."

"வந்தா?"

"வந்தா அந்த மண்ணைப் பத்தி ஆயுசுக்கும் நீ பேசக்கூடாது."

"வரலேன்னா?"

"வரலேன்னா எடுத்துக்க."

"மொதப் பரிசுதான் கணக்கு. போட்டிக்கு மறுநாள், ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு, மண்வெட்டியோட வருவேன்."

அன்றிலிருந்து மேவிஸ் அந்தப் பன்னிரண்டுக்கு ஒன்பது அடியைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். நுரை நுரைத்தது. புதினா லீக்ஸின் அடித்தண்டையும் அகல இலைகளையும் போர்த்தி மறைத்தது. ஜூலை நடுவில் ரோஜாக்கள் பற்றிக்கொண்டன. அவற்றுக்கு மேல் மூன்று தண்டுகள் நிமிர்ந்து, மூன்று ஊதாப் பந்துகள் மெல்ல விரிந்தன. அத்தனை நாள் கூச்சல் போட்ட ரோஜாக்கள் முதல் முறையாகப் பாட ஆரம்பித்தன. மேவிஸ் ஜன்னலில் நின்று பார்த்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

எட்னா வந்தாள். வேலியில் சாய்ந்தாள்.

"அழகாயிருக்கே மேவிஸ். இது என்ன பூ?" அவள் துணிச்சல் என்று சொல்லவில்லை. அப்போதே மேவிஸுக்குப் பாதி வெற்றி.

"ஹாலந்து."

"ஹாலந்துல பேரு என்ன?"

"அவங்க வாயில நுழையற பேரு. என் வாயில நுழையல."

எட்னா மூக்கை நீட்டினாள். "லேசா வெங்காய வாசம் வருதே?"

"உங்க வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல் தொறந்திருக்கும்."

எட்னா போய்விட்டாள். ஆனால் எட்னா சும்மா இருப்பவளா? சனிக்கிழமை, போட்டி நாள் காலை, கத்பர்டைத் தள்ளிக்கொண்டு வந்து முன்தெருவில் விட்டாள். "அந்தப் பூ என்னன்னு பாத்துட்டு வா. நமக்கும் மூணு வேணும்."

கத்பர்ட் மேவிஸின் கேட்டுக்கு வெளியே நின்றான். பார்த்தான். தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். யாரோ செத்துவிட்டார்கள் என்று மேவிஸ் பயந்துபோனாள்.

"மேவிஸ்," என்றான் குரலே எழும்பாமல். "இது என்ன?"

"ஹாலந்து."

"ஹாலந்தாம் ஹாலந்து! அந்தத் தண்டோட கனத்தைப் பாரு. அந்த மாதிரித் தண்டு இந்த ஜில்லாவுலயே ஒரு வம்சத்துக்குத்தான் உண்டு. போன வருஷம் என் லீக்ஸ் பக்கத்துல நின்னு என்னை அசிங்கப்படுத்தின லீக்ஸ் இது. வில்ஃபோடது. சூப்பு வச்சுட்டதா ஊரே துக்கம் கொண்டாடிச்சே!"

மேவிஸ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "மெதுவாப் பேசு."

"பேசறேன். எனக்கு ஒரு தலை வேணும். ஒண்ணே ஒண்ணு. தண்டோட வெட்டிக் குடு, வாயைத் தச்சுக்கறேன். இல்லேன்னா இப்பவே நேரா வில்ஃப்கிட்ட போறேன். அவன் கத்தரிக்கோலோட ஓடி வந்தா, மூணு மணிக்குப் பைபஸ் வந்து பாக்க ஒனக்கு மூணு மொட்டைதான் மிஞ்சும்."

"மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப வா. தரேன்," என்றாள் மேவிஸ். நேரம் வாங்க வேறு வழி தெரியவில்லை.

அவன் சீட்டி அடித்துக்கொண்டு போனான். மேவிஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றை வெட்டிக் கொடுத்தால் தோட்டம் ஒற்றைக்கண்ணாய் நிற்கும், அதோடு வில்ஃபின் வம்சம் கத்பர்ட் கைக்குப் போகும். அது துரோகம். சூப்பில் வெங்காயம் போட்டு ஏமாற்றியது வேறு கணக்கு, அது குடும்பத்துக்குள். கொடுக்காவிட்டால் கத்தரிக்கோல், நாளைக்குப் பத்து மணிக்கு மண்வெட்டி, ரோஜாக்கள் குப்பைக்குழிக்கு. எப்படிப் பார்த்தாலும் கவ்லண்ட் வீட்டுக்கே கோப்பை. அந்த நினைப்பு வந்ததும்தான் அவளுக்கு மூளை வேலை செய்தது.

பின்கட்டில் வில்ஃப் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் சிநேகிதன் கத்பர்ட் வந்தான்."

"அவன் எனக்குச் சிநேகிதனா? எதுக்கு வந்தான்?"

"என் பூவுல ஒண்ணு வேணுமாம். குடுக்கலேன்னா விடமாட்டானாம். மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி வரான்."

வில்ஃப் தோளைக் குலுக்கினான். "பூதானே? குடுத்துட்டுப் போ." அவனுக்கு என்ன, மேவிஸ் தோற்றால் மண் அவனுடையது.

"சரி, குடுத்துடறேன். என்ன இப்போ? செப்டம்பர்ல கோப்பை அவனுக்கு. ஜூலையில கோப்பை அவன் பொண்டாட்டிக்கு. ரெண்டையும் ஜன்னல்ல ஜோடியா வச்சுக்கட்டும். நீ அலமாரி செய்யறவன்தானே, எனக்குத்தான் செஞ்சு தரல, அவங்களுக்காவது கோப்பை வைக்க ஒண்ணு செஞ்சு குடு."

புறாத் தீனி தரையில் கொட்டியது. "என் வீட்டு மண்ணுல கை வைக்க அவன் யாருடி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

முன்கதவு பல வருஷமாகத் திறக்காததால் ஊதி இறுகியிருந்தது. வில்ஃப் தோளைக் கொடுத்து இடித்துத் திறந்து வெளியே வந்தான். மேவிஸ் அதற்குள் நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்துப் போட்டுவிட்டாள்.

"பூவைப் பாக்காதே, திருடனைப் பாரு," என்றாள்.

அவன் மடியில் கரிவாரியை வைத்துக்கொண்டு, பூக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிங்கம் போல் உட்கார்ந்தான். வில்ஃப் ஸ்டாப்ஸ் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்ற செய்தி நொடியில் பரவியது. செத்தது யார் என்று கேட்டுக்கொண்டே நாலு பேர் வந்தார்கள். சாவில்லை, சண்டை என்று தெரிந்ததும் பதினாலு பேர் ஆனார்கள்.

சொன்ன நேரத்துக்குக் கத்பர்ட் வந்தான், கோணிப்பை சகிதம். வில்ஃபைப் பார்த்ததும் மேவிஸின் தந்திரம் புரிந்தது. முகம் கறுத்தது.

"வில்ஃப், ஒனக்குப் பின்னாடி நிக்கறது என்னன்னு தெரியுமா?"

"என் பொண்டாட்டி பூ. தொட்டா கை இருக்காது."

"மடப் பயலே, அது பூ இல்ல! அது உன் லீக்ஸ்!"

பதினாலு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். வில்ஃப் திரும்பவே இல்லை. கத்பர்ட் சொல்கிறான் என்பதே அவனுக்குப் போதுமான சாட்சி, அது பொய் என்பதற்கு.

"என் லீக்ஸ் செப்டம்பர்லயே என் வயித்துக்குள்ள போயாச்சு. முப்பது வருஷமா லீக்ஸ் வளக்கறேன். என் லீக்ஸை எனக்குத் தெரியாதா? எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. இது லீக்ஸா இருந்தா, என் வீட்டு வாசல்ல நிக்கற லீக்ஸையே தெரியாத குருட்டுப் பய நான். இனிமே சாகற வரைக்கும் போட்டி மேடைப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டேன்!"

அந்த நேரத்துக்குத்தான் பைபஸ் வந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெகுநேரம் நின்றார். குனிந்து நுரையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், நிமிர்ந்து மூன்று உருண்டைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஹார்லி வரிசை கண்டதில்லை.

"தலையாட்டுது," என்றார் மேவிஸிடம். பிறகு பென்சிலை எடுத்தார். "மேல நிக்கற செடிக்குப் பேரு என்னம்மா? அட்டையில எழுதணும்."

"லீக்ஸ்னு எழுதுங்க!" என்று கத்பர்ட் கத்தினான். "பூச்செடிப் போட்டியில காய்கறி வச்சிருக்கா!"

பைபஸின் பென்சில் நின்றது. அவர் வில்ஃப் பக்கம் திரும்பினார். "லீக்ஸ்னா இந்த ஊர்ல உங்க பேச்சுதான் கடைசிப் பேச்சு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

வில்ஃப் கம்பீரமாக எழுந்தான். கரிவாரியை நாற்காலியில் வைத்தான். திரும்பினான். நடந்துபோய்க் குனிந்தான். புதினாவை இரண்டு கையாலும் விலக்கினான்.

அப்படியே நின்றுவிட்டான்.

தொடை கனத்துக்கு ஒரு வெள்ளை அடித்தண்டு. விசிறி மடித்தாற்போல் எதிரெதிராய் இலைகள். ஒன்றில் நகக்கண் அளவு கிழிசல் இருந்த இடம் பழைய தழும்பாய்க் காய்ந்திருந்தது. விரலால் தொட்டான். விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். பின்னாலிருந்து பார்த்த மேவிஸுக்கு அவன் காது இரண்டும் சிவந்து வருவது தெரிந்தது. பாவமாயிருந்தது. அவளை அறியாமல் "வில்ஃப்..." என்று வாய் முணுமுணுத்தது. அவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் கொலை பாதி, கும்பிடு பாதி. செத்துப்போன வம்சம் உயிரோடு நின்றால் எந்த மனுஷனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே கத்தரிக்கோலை எடுக்கலாம். மேவிஸ் தோற்பாள், மண் கிடைக்கும், வம்சமும் கிடைக்கும். ஆனால் வம்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேடை கிடையாது. தெருவே கேட்க அவனே சத்தியம் பண்ணியாயிற்று, குருட்டுப் பயல் என்று பட்டமும் அவனே கட்டிக்கொண்டாயிற்று. கத்பர்ட் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான்.

வில்ஃப் நிமிர்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"ஹாலந்து," என்றான்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார் பைபஸ்.

"ஹாலந்துதான். பாக்க லீக்ஸ் மாதிரியே இருக்கும்." கத்பர்டை நேராகப் பார்த்தான். "விஷயம் தெரியாதவங்க ஏமாந்துடுவாங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. எட்னா கத்பர்டின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பைபஸ் நிதானமாக எழுதினார், "ஹாலந்துப் பூ, வில்ஃப் ஸ்டாப்ஸ் சொன்னபடி." எழுதி முடித்து மறுபடியும் வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். ஐந்து மணிக்கு முதல் பரிசு அட்டை மேவிஸின் கேட்டில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சொன்ன சொல் தவறாமல், முன்வாசலுக்கு வந்தான். மண்வெட்டி இல்லை. தொப்பி கையில் இருந்தது. மேவிஸ் படிக்கட்டில் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேவிஸ், அந்தத் தலைங்களை இன்னிக்கே மொட்டையடிச்சாகணும். விட்டா விதை கட்டிடும், புல்லு வராது."

"எந்தத் தலைங்க?"

"வெளையாடாதே."

"என் மண்ணு. என் பூ. ஹாலந்து. ஊரைக் கூட்டி வச்சு நீதான் சொன்ன."

"கண்ணு..." என்றான் வில்ஃப். அந்தச் சொல்லை அவள் கேட்டு எத்தனை வருஷமோ. மேவிஸ் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் சின்னத் தையல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் மண்டியிட்டான். ஒவ்வொரு சின்னப் பூவாக, தலையின் தோலில் படாமல், நறுக் நறுக்கென்று வெட்டினான். முதல் தலை பாதி ஆகும்போது தேவாலயத்திலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். கத்பர்ட் கேட்டில் வந்து சாய்ந்தான்.

"என்ன வில்ஃப், என்ன பண்ற?"

வில்ஃபின் கை நின்றது. "வாடின பூ கிள்ளறேன்."

"நீயா?"

"நான்தான். பூன்னா எனக்கு உசிரு."

"அது வாடவே இல்லையே."

"ஹாலந்துல இப்படித்தான் பண்ணுவாங்க."

கத்பர்ட் நகரவில்லை. அவன் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர். எல்லாரும் சுரங்கத்துக்காரர்கள், எல்லாரும் லீக்ஸ்காரர்கள். வில்ஃப் மூன்றாவது தலையையும் முடித்து, வெட்டிய பூக்களைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"அதுக்குள்ள எங்க எழுந்திருக்கற?" என்றாள் மேவிஸ், தெருவுக்கே கேட்கும்படி. "உசிருன்னு சொல்லிட்டு மூணே மூணு செடியைக் கிள்ளிட்டுப் போனா என்ன நெனைப்பாங்க? ரோஜா ஆறு இருக்கு. வாடினதெல்லாம் எடு. முள்ளு குத்தும், பாத்து."

வில்ஃப் அவளைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். மறுபடியும் மண்டியிட்டான். ஆறாவது செடிக்கு வரும்போது மணி பன்னிரண்டு, கையெல்லாம் கீறல்.

"போதுமா?" என்றான்.

"இன்னிக்குப் போதும்," என்றாள் மேவிஸ். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாடும்."